கேள்வி பதில்: பட்டியலில் செத்துப்போன டாக்டர்

போரை வைத்துச் சிரிக்கும் நாவல்களில் சிரிப்பு மேல்பூச்சுதான், உள்ளே இருப்பது அந்நியமாதல், அதாவது தன் வேலையும் வாழ்க்கையும் தனக்கே சொந்தமில்லாமல் போவது, என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு சென்னையின் நாலா பக்கமிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. சரி, இந்த முறை சினிமா கேள்விகளுக்கு லீவு.

கல்லூரி மாணவி, ராயப்பேட்டை: ஜோசப் ஹெல்லரின் 'கேட்ச்-22' படித்தேன் சார். பாதி வரைக்கும் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பே வரவில்லை. எனக்கு அலுத்துவிட்டதா, அவருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டதா?

பதில்: இரண்டும் இல்லை. அவர் தெரிந்தே செய்த வேலை அது. படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர், இத்தாலிக்குப் பக்கத்தில் பியானோசா என்ற குட்டித் தீவு, அங்கே ஓர் அமெரிக்க விமானப்படைப் பிரிவு. யோசாரியன் விமானத்தின் மூக்குப் பகுதியில் உட்கார்ந்து குண்டு போடுகிறவன். இத்தனை முறை பறந்தால் ஊருக்குப் போகலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அவன் அதை நெருங்கும்போதெல்லாம் கர்னல் காத்கார்ட் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகிறார், கடைசியில் 80-இல் வந்து நிற்கிறது. பைத்தியம் பிடித்தவன் பறக்க வேண்டாம், ஆனால் அவனாகக் கேட்க வேண்டும். பறக்க மாட்டேன் என்று கேட்டுவிட்டாலோ உயிர்மேல் ஆசை இருக்கிறது, புத்தி தெளிவாக இருக்கிறது என்று ஆகிவிடும், எனவே பறந்தே தீர வேண்டும். புத்தகத்தின் பெயரில் இருக்கிற 22-ஆம் விதி இதுதான்.

நீங்கள் சிரித்ததில் பாதி, மெஸ் பொறுப்பாளன் மைலோவின் வியாபாரத்தைப் பார்த்துத்தான் இருக்கும். மால்டாவில் முட்டையை ஏழு சென்ட்டுக்கு வாங்கி ஐந்து சென்ட்டுக்கு விற்று அதிலும் லாபம் பார்க்கிறவன் அவன். கம்பெனியில் எல்லோருக்கும் பங்கு உண்டு என்பான். ஜெர்மானியர்களோடு ஒப்பந்தம் போட்டு, செலவுக்கு மேல் ஆறு சதவீதம் வாங்கிக்கொண்டு, சொந்த முகாமின்மேலேயே குண்டு போடுவான். அதுவரைக்கும்கூட சிரித்துவிடலாம். அப்புறம் ஸ்னோடன் என்ற பையன் விமானத்துக்குள் அடிபட்டுக் குளிர்கிறது, குளிர்கிறது என்று முனகிக்கொண்டு கிடக்கிறான். தொடைக் காயத்துக்கு யோசாரியன் கட்டுப்போட்டுவிட்டு, வலிக்கு மார்ஃபின் கொடுக்கலாம் என்று முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் மார்ஃபின் இல்லை. கம்பெனிக்கு நல்லது நாட்டுக்கும் நல்லது என்கிற மாதிரி ஒரு சீட்டு மட்டும் இருக்கிறது. மைலோ அதையும் விற்றுவிட்டான். பெரிய காயம் தொடையில் இல்லை, குண்டுதடுப்பு உடைக்கு உள்ளே இருக்கிறது என்பது அதற்கும் பிறகுதான் தெரிகிறது.

இந்தச் சாவைப் புத்தகம் முழுக்கத் துண்டு துண்டாகக் காட்டிக்கொண்டே வந்து, முழுசாகக் கடைசிப் பக்கங்களில்தான் வைக்கிறார். முட்டைக்குச் சிரித்த அதே வாயை வைத்துக்கொண்டு அந்தச் சீட்டையும் நீங்கள் படித்தாக வேண்டும். பங்குதாரர் பட்டியலில் ஸ்னோடனும் உண்டு, மறந்துவிடாதீர்கள்.

ஆய்வு மாணவர், சேப்பாக்கம்: அந்நியமாதல் என்பது 1844 கையெழுத்துப் பிரதிகளில் மார்க்ஸ் தொழிலாளியைப் பற்றிச் சொன்னது. அதைப் படைவீரன்மேல் ஏற்றுவது இழுத்துப் பொருத்துகிற வேலையாக இல்லையா?

பதில்: நன்றாகவே பொருந்துகிறது. தான் செய்த பொருள் தன்னுடையதாக இல்லாமல் போவது, செய்கிற வேலையே தனக்கு வெளியே நிற்பது, தானே தனக்கு அந்நியனாவது, கடைசியில் கூட வேலை செய்கிறவனும் அந்நியனாவது என்று மார்க்ஸ் அடுக்கிக்கொண்டு போவார். கையோடு கேட்ச்-22-இல் மலைக்கிராமத்துக் காட்சியைப் படித்துப் பாருங்கள். எதிரி வண்டிகள் வருகிற பாதையை அடைக்க வேண்டும், அதற்காக ஒரு கிராமத்தைத் தகர்க்கச் சொல்கிறார்கள். கிராமத்தில் பாதுகாப்பு கிடையாது, சனங்களுக்கு எச்சரிக்கையும் கிடையாது. கர்னலின் கவலையெல்லாம் குண்டுகள் நெருக்கமாக, ஒரே கொத்தாக விழ வேண்டும், மேலேயிருந்து எடுக்கிற போட்டோ அழகாக வர வேண்டும் என்பதுதான். அந்தக் 'குண்டு வடிவம்' என்ற சொல்லைத் தானே இட்டுக்கட்டியதாகவும் அதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது என்றும் ஒரு ஜெனரல் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்கிறார். குண்டு போடுகிறவனின் உழைப்புக்கு விலை, ஜெனரல் மேஜைக்குப் போகிற அந்த போட்டோவில் இருக்கிறது. கீழே என்ன ஆனது என்பது கணக்கிலேயே வரவில்லை. டன்பர் என்பவன் மட்டும் கிராமத்தைத் தாண்டிப் போய் வெற்றுவெளியில் குண்டைக் கொட்டிவிட்டு வருகிறான். தன் வேலையைத் திரும்பத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள அவனுக்குக் கிடைத்த ஒரே வழி, அதைத் தப்பாகச் செய்வது.

இன்னொரு இடம். போலோனா நகரத்தின்மேல் பறக்கப் பயந்து, வரைபடத்தில் நம் படைகள் நிற்கிற எல்லையைக் காட்டும் ரிப்பனை யோசாரியன் ராத்திரியோடு ராத்திரியாக நகரத்துக்கு மேலே நகர்த்திக் குத்திவிடுவான். காலையில் எல்லோரும் நகரம் பிடிபட்டுவிட்டது என்று நம்புகிறார்கள். ஒரு ஜெனரலுக்கு அதற்காகப் பதக்கமே கொடுத்துவிடுகிறார்கள், ஏனென்றால் கேட்டு வாங்குகிற முனைப்பு அவருக்கு மட்டும்தான் இருந்ததாம்!

அப்புறம் யோசாரியனின் கூடாரத்தில் இருக்கிற 'செத்தவன்'. மட் என்ற ஒருவன் வந்து, பையைக் கட்டிலில் போட்டுவிட்டு, ஆபீஸில் பெயர் பதிவதற்குள் விமானத்தில் ஏற்றப்பட்டுச் செத்துப்போகிறான். பதிவு இல்லாததால் அவன் அந்தப் பிரிவுக்கு வரவே இல்லை, வராதவனின் பையை எப்படி எடுக்க முடியும்? பை அங்கேயேதான் கிடக்கிறது. முகம் இல்லாத அந்த ஆளோடு யோசாரியன் மாதக்கணக்கில் குடித்தனம் பண்ணுகிறான். உங்கள் ஆய்வேட்டில் அந்நியமாதலுக்கு ஒரே ஓர் உதாரணம்தான் தர இடம் இருக்கிறது என்றால் நான் இந்தப் பையைத்தான் சொல்வேன்.

குடும்பத் தலைவி, ஆவடி: என் அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மாதிரி நாவல்கள் எல்லைக்குப் போனவர்களைக் கேலி செய்கின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் இவற்றைத் தூக்கிப்பிடிப்பது சரியா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் விலாசம் தவறு. இவற்றை எழுதியவர்கள் யார் என்று பாருங்கள் அம்மா. ஹெல்லர் 1944-இல் கார்சிகா தீவிலிருந்து 60 முறை குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர். முதல் உலகப் போர்ப் படைவீரன் ஒருவனின் கதையான 'ஷ்வெய்க்' நாவலை எழுதிய செக் எழுத்தாளர் ஹாஷெக், ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் சண்டைக்குப் போய் 1915-இல் ரஷ்யர்களிடம் பிடிபட்டவர். அமெரிக்க எழுத்தாளர் கர்ட் வானகட் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்தபோது நேச நாடுகளின் குண்டுவீச்சில் டிரெஸ்டன் நகரம் எரிந்தது. கசாப்புக்கூடத்து நிலவறைக்குள் அடைத்து வைத்திருந்ததால் தப்பினார், வெளியே வந்ததும் பிணங்களைத் தோண்டி எடுக்கிற வேலை கொடுத்தார்கள். வீட்டில் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு படைவீரனைக் கிண்டல் செய்தவர்கள் இல்லை இவர்கள். இவர்களுடைய கேலி எல்லாம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்மேல்.

ஓர் இடத்தை அப்பாவுக்கே படித்துக் காட்டுங்கள். டாக்டர் டேனிகாவுக்குப் பறக்கப் பயம், ஆனால் பறந்தால் கிடைக்கிற படிக்காசு வேண்டும். அதனால் ஏறாத விமானத்தின் பட்டியலில் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்கிறார். ஒரு நாள் அப்படிப் பெயர் சேர்த்த விமானம் மலையில் மோதிவிடுகிறது. டாக்டர் கீழே தரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். பட்டியலில் பெயர் இருப்பதால் அவர் செத்துவிட்டார். நான் இங்கேதான் நிற்கிறேன் என்று எத்தனை பேரிடம் போய்ச் சொன்னாலும், பக்கத்தில் நிற்பவர்களே அவரைப் பார்த்து 'செத்துப்போய்விட்டீர்களே' என்கிறார்கள். சாப்பாடு, சம்பளம் எல்லாம் நின்றுபோகிறது. மனைவிக்கு முதலில் தந்தி, அப்புறம் இன்ஷூரன்ஸ் பணம், அப்புறம் கர்னலிடமிருந்து ஓர் அனுதாபக் கடிதம். அது அச்சடித்த படிவம். கணவரோ, மகனோ, தந்தையோ, சகோதரரோ, இறந்தோ, காயம்பட்டோ, காணாமலோ போனதற்கு வருந்துவதாக எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டிருக்கும், எதையும் அடிக்கக்கூட மாட்டார்கள். அந்த அம்மாள் வேறு ஊருக்கு வீட்டை மாற்றிக்கொண்டு போய்விடுகிறாள், புது விலாசம் கொடுக்காமல்.

நவம்பர் மாதம் பென்ஷனுக்காக உயிர்ச் சான்று கொடுக்கிற வரிசையில் நின்ற யாருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆள் நேரில் நிற்பார், ஆனால் கைரேகை பதியாவிட்டால் அவர் இன்னும் உயிரோடு இல்லை. உங்கள் அப்பா சிரிப்பார் என்றே நினைக்கிறேன். கோபப்பட்டாரானால் எனக்கு எழுதுங்கள்.

மென்பொருள் ஊழியர், சோழிங்கநல்லூர்: கேட்ச்-22 எங்கள் ஆபீஸைப் பார்த்து எழுதியது மாதிரியே இருக்கிறதே, எப்படி?

பதில்: ஏதோ ஓர் ஆபீஸைப் பார்த்துத்தான் எழுதினார்! போர் முடிந்தபின் ஹெல்லர் பத்திரிகைகளின் விளம்பரப் பிரிவுகளில் வேலை பார்த்தார். 1961-இல் வந்த புத்தகம், ஆனால் எழுதியது 1950-களில், கம்யூனிஸ்டுகளைத் தேடுகிறோம் என்று அமெரிக்காவில் ஆள்பிடித்துக்கொண்டிருந்த காலம். அதனால்தான் நாவலில் விசுவாச உறுதிமொழிக் கூத்து வருகிறது. வரைபடம் வேண்டுமா, கையெழுத்துப் போடு. பாராசூட் வேண்டுமா, இன்னொரு கையெழுத்து. முடி வெட்டிக்கொள்ள, உப்பு எடுக்க, எல்லாவற்றுக்கும் கையெழுத்து, பாட்டு வேறு பாட வேண்டும். ஆகாத ஒரு மேஜரை மட்டும் கையெழுத்துப் போட விடமாட்டார்கள், போடவில்லை என்று அவர்மேலேயே குற்றமும் சொல்வார்கள். கடைசியில் வயதான இன்னொரு மேஜர் மெஸ்ஸுக்குள் வருகிறார், உறுதிமொழித் தாளை நீட்டினால் தள்ளிவிட்டு 'எனக்குச் சோறு போடு' என்கிறார். அப்புறம் சுற்றிப் பார்த்துவிட்டு 'எல்லோருக்கும் போடு'. அவ்வளவுதான், அத்தனை கூத்தும் அந்த நிமிஷத்தோடு முடிந்தது. உங்கள் ஆபீஸில் அப்படி ஒருவர் இருந்தால் ஓய்வு பெற விடாதீர்கள்.

வாசகர், கோடம்பாக்கம்: யோசாரியன் முரண்டு பிடிக்கிறான், ஷ்வெய்க் சொன்னதையெல்லாம் செய்கிறான். இருவரில் யார் அதிகம் அந்நியப்பட்டவர்?

பதில்: ஷ்வெய்க் என்பேன், பலர் சண்டைக்கு வருவார்கள். யோசாரியனுக்குள் நாம் போக முடிகிறது, அவன் பயம் நமக்குத் தெரியும். ஷ்வெய்க்கின் உள்ளே என்ன இருக்கிறது என்று கடைசி வரை தெரியாது. ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினான்டைச் சுட்டுவிட்டார்கள் என்று வீட்டு வேலைக்காரம்மா வந்து சொல்ல, அவன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே 'எந்த ஃபெர்டினான்ட்?' என்று கேட்கிறான், தனக்குத் தெரிந்த இரண்டு பேரில் யார் செத்தாலும் நஷ்டமில்லை என்று வேறு சொல்கிறான். வாதத்தால் நடக்க முடியாதவன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, ஊன்றுகோலை ஆட்டிக்கொண்டு, எதிரி நாடான செர்பியாவின் தலைநகரைச் சொல்லி 'பெல்கிரேடுக்கு!' என்று கத்தியபடி பிராக் தெருக்கள் வழியாகப் படையில் சேரப் போகிறான். இது தேசபக்தியா, கேலியா? படைக்கே அது புரியவில்லை. கீழ்ப்படிவதையே வேலியாகப் போட்டுக்கொண்டு ஒருவன் உள்ளே இருந்துவிட்டால், மேலதிகாரிக்கு அடிக்க இடம் கிடைப்பதில்லை.

இரண்டு நாவலிலும் உடுப்பு படுகிற பாட்டைக் கவனியுங்கள். ஸ்னோடனின் ரத்தம் பட்டபின் யோசாரியன் சீருடை போட மறுத்து, பதக்கம் வாங்க அம்மணமாக அணிவகுப்பில் நிற்கிறான். ஷ்வெய்க், குளத்தில் குளிக்கிற ரஷ்யக் கைதி ஒருவனின் உடுப்பை எடுத்துச் சும்மா போட்டுப் பார்க்கிறான். சொந்தப் படையே அவனை எதிரி என்று பிடித்துக்கொண்டு போகிறது.

தமிழாசிரியர் (ஓய்வு), மயிலாப்பூர்: மேல்நாட்டுச் சரக்கையே பேசுகிறீர்களே, நம்மிடம் போர் அங்கதம் கிடையாதா?

பதில்: வாருங்கள் ஐயா, உங்கள் கடிதத்துக்குத்தான் காத்திருந்தேன். புறநானூறு 95-ஆம் பாட்டு. அதியமானின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார், அவன் ஆயுதக் கொட்டடியைத் திறந்து காட்டுகிறான். உங்கள் ஆயுதங்கள் பீலி சூடி, நெய் பூசி, காவல் வீட்டில் அழகாக இருக்கின்றன, எங்கள் தலைவனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். போருக்கு நின்ற ஆளைப் புகழ்ந்தே கவிழ்த்துவிட்ட பாட்டு. ஆனால் பாருங்கள், அங்கே வேல் பேசுகிறது, வேல் பிடித்தவன் பேசவில்லை.

கலிங்கத்துப்பரணி இன்னும் கிட்டே வருகிறது. பேய்கள் பிணக்கூழ் அடுகிற பகுதியை எல்லோரும் சொல்வார்கள், எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் கலிங்க வீரர்கள் தப்பி ஓடுகிற பாட்டுகள். புதரில் மாட்டி முடி பறிபோய், துணியும் உருவப்பட்டவன் 'நான் அமணன்', அதாவது சமணத் துறவி, என்று சொல்லிப் பிழைக்கிறான். வில்லின் நாணை மடித்துப் பூணூலாகப் போட்டுக்கொண்டவன் கங்கைக்கு நீராட வந்து மாட்டிக்கொண்டேன் என்கிறான். ரத்தத்தில் நனைந்த கொடித்துணியைப் போர்த்தியவன் பௌத்தத் துறவி ஆகிவிடுகிறான். யானை மணியைத் தாளமாகப் பிடித்தவன் தெலுங்கு நாட்டுப் பாணன். ஜெயங்கொண்டார் வென்ற சோழனின் புலவர், அதனால் அவர் சிரிப்பு தோற்றவன்மேல் விழுகிறது. நாணைப் பூணூலாக்கிய அந்த ஒருத்தனைக் கதாநாயகனாக்கி அவன் வாயால் கதையைச் சொல்ல வையுங்கள், 12-ஆம் நூற்றாண்டின் யோசாரியன் கிடைத்துவிடுவான். அவனுக்குக் குலோத்துங்கனும் ஒன்றுதான், கலிங்க மன்னனும் ஒன்றுதான், இருவரும் அவனைச் சாகடிக்கப் பார்த்தவர்கள்.

தெருக்கூத்தில் கட்டியங்காரன் அந்த வேலையைக் கொஞ்சம் செய்கிறான். துரியோதனன் திரையை விலக்கிக்கொண்டு வந்து மார்தட்டும்போது பக்கத்திலேயே நின்றுகொண்டு அவனை ஊர்க்காரன் மாதிரி நக்கல் பண்ணுவான், நடுவில் ரேஷன் கடை, எம்.எல்.ஏ. எல்லாம் வரும். நாவலில் என்றால் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி', 1972-இல் புத்தகமாக வந்தது. சுமத்ரா தீவின் மேடான் நகருக்குள் ஜப்பானியப் படை நுழைவதில் தொடங்குகிறது. கதாநாயகன் பாண்டியன் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான், துப்பாக்கி எடுக்கிறான், ஆனால் எந்தக் கொடிக்குக் கீழேயும் அவனால் முழுசாக நிற்க முடிவதில்லை. குடித்துக்கொண்டே தமிழ்ப் பெருமையைக் கிழித்துத் தோரணம் கட்டுகிற பக்கங்களைப் படித்துவிட்டு, அடுத்த பக்கத்திலேயே அவன் சொந்த ஊரான சின்னமங்கலத்தையும் மதுரைத் தெருக்களையும் நினைத்து ஏங்குவதைப் படியுங்கள். இந்த விஷயத்தில் நமக்கு யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

வாசகர், பெரியமேடு: சென்னை போரையே பார்த்ததில்லை. நமக்கு எதற்கு இந்த இலக்கியம்?

பதில்: நீங்கள் இருக்கிற பேட்டையிலேயே ஒரு கதை இருக்கிறது. எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி ராத்திரி குண்டு போட்டது எல்லோருக்கும் தெரியும். நான் சொல்வது 1942 ஏப்ரல். ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊரே காலியானது, அரசு அலுவலகங்களையும் கடலோரத்தைவிட்டு உள்ளே இருக்கிற ஊர்களுக்கு மாற்றினார்கள். அப்போது மிருகக்காட்சிசாலை சென்ட்ரலுக்குப் பக்கத்தில், பார்க் டவுனில் இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கம், புலி எல்லாம் ஊருக்குள் வந்துவிடும் என்று அவற்றை முன்கூட்டியே சுட்டுக் கொன்றார்கள். படை வரவே இல்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து கொஞ்சம் குண்டு போட்டுவிட்டுப் போனது. காலியான ஊரில் சிங்கத்தைச் சுடக் கையில் உத்தரவோடு போன அந்தப் போலீஸ்காரரை நினைத்துப் பாருங்கள், அப்புறம் நமக்கு எதற்கு என்று கேளுங்கள்.

வாசகி, பெரம்பூர்: எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: சின்னதிலிருந்து. வானகட்டின் 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்' இரண்டு ராத்திரிக்குத் தாங்கும். ஊரே சாம்பலான இடத்தில் ஒரு டீ பாத்திரத்தை எடுத்துவிட்டான் என்று எட்கர் டெர்பி என்ற நல்ல மனுஷனை விசாரித்துச் சுட்டுக் கொல்வார்கள். இது நடக்கப்போகிறது என்று ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிடுவார், ஆனாலும் அந்த இடம் வரும்போது அடிக்கும். அடுத்து 'கேட்ச்-22', முதல் நூறு பக்கம் யார் யார் என்று குழம்பினால் கவலைப்படாமல் போய்க்கொண்டே இருங்கள். சிங்காரத்தை ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் தேடிப் பாருங்கள், ஆங்கிலப் புத்தகங்களுக்குக் கன்னிமாரா நூலகத்திலோ கோட்டூர்புரம் நூலகத்திலோ கேளுங்கள். 'ஷ்வெய்க்' குண்டுப் புத்தகம், ஓவியர் லாடாவின் படங்களோடு இருக்கிற பதிப்பாகப் பார்த்து எடுங்கள், எந்தப் பக்கத்தைத் திறந்தும் படிக்கலாம். முடிவு என்ன ஆனது என்று மட்டும் எனக்கு எழுதிக் கேட்காதீர்கள், ஹாஷெக் 1923 ஜனவரியில் கதையை முடிக்காமலேயே இறந்துபோனார்.